கிரேட் டேன் வளர்ப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேட் டேன் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது விலை. அப்புறம், ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடும் என்பது. அதற்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு இருக்கின்றன. இந்த நாயின் குட்டியை வேகமாக வளர்க்கக் கூடாது. இதன் வயிறு முறுக்கிக்கொண்டால் வெளியே தெரியும் அறிகுறிகள் வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் தெரியாத வீடுகளில்தான் அநியாயமாக நாய்கள் இறந்துபோகின்றன. அதனால் இவற்றை மட்டும் கீழே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

கிரேட் டேன் எந்த நாட்டு நாய்?

ஜெர்மனி. பெயரில் 'டேன்' இருந்தாலும் டென்மார்க்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஜெர்மானியப் பிரபுக்கள் காட்டுப்பன்றி வேட்டைக்கு வளர்த்த பெரிய நாய்களின் வழிவந்தது. பன்றியைப் பிடித்து நிறுத்தும் பலமும், அதைத் துரத்தும் வேகமும் வேண்டும் என்பதால் தடித்த உடல் கொண்ட மாஸ்டிஃப் வகை நாய்களையும் ஒல்லியான கிரேஹவுண்ட் வகை நாய்களையும் கலந்து உருவாக்கினார்கள். 1880-ல் பெர்லினில் கூடி இந்த இனத்துக்கான இலக்கணத்தை வகுத்தார்கள். அங்கே இன்றும் இதன் பெயர் 'டாய்ச்ச டோக'. ஜெர்மனியின் முதல் சான்சலர் பிஸ்மார்க் இந்த நாய்களோடுதான் வாழ்ந்தார்.

எவ்வளவு பெரிதாகும்?

நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்க கென்னல் கிளப் கணக்குப்படி ஆண் நாய் தோள்பட்டை வரை 30 முதல் 32 அங்குலம், பெண் 28 முதல் 30 அங்குலம். எடை ஆணுக்கு ஏறக்குறைய 63 முதல் 79 கிலோ, பெண்ணுக்கு 50 முதல் 63 கிலோ. ஐரோப்பிய அளவுகோலில் ஆண் குறைந்தது 80 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருந்த சியூஸ் என்ற டேன் 44 அங்குல உயரத்தோடு கின்னஸில் இடம்பெற்றது. 2014-ல் இறந்தபோது அதற்கு வயது 5.

இந்தச் சாதனை உயரங்களைப் பார்த்து யாரும் ஆசைப்பட வேண்டாம். 'எங்களிடம் உள்ளது 36 இன்ச் பரம்பரை' என்று சொல்லிக் குட்டி விற்பவரிடம் உயரத்தைப் பற்றிக் கேட்பதைவிட, அந்தப் பரம்பரை நாய்கள் எத்தனை வயதில் எதனால் இறந்தன என்று கேளுங்கள்.

குணம் எப்படி? கடிக்குமா?

ஒழுங்காக வளர்ந்த டேன் மிகவும் சாந்தமானது. ஆட்களோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். சோபாவில் உட்கார்ந்தால் மேலே வந்து சாயும். தன் எடை என்னவென்று அதற்குத் தெரியாது. புதிய ஆள் வந்தால் கனத்த குரலில் இரண்டு முறை குரைக்கும். பெரும்பாலும் அந்தக் குரலும் உருவமுமே காவலுக்குப் போதும்.

மனிதர்களோடு இந்த நாய் எப்படிப் பழகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவின் சைமன்ஸ் டவுனில் ஒரு நல்ல சான்று உண்டு. அங்கிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் 'ஜஸ்ட் நியூசன்ஸ்' என்ற டேன் மாலுமிகளோடு ரயிலேறி ஊர் சுற்றும். டிக்கெட் இல்லாத நாயைக் கொன்றுவிடுவோம் என்று ரயில்வே மிரட்டியது. அதைக் காப்பாற்ற 1939-ல் முறைப்படி கடற்படையிலேயே சேர்த்துவிட்டார்கள். படையில் சேர்ந்தவருக்கு ரயிலில் இலவசப் பயணம்! 1944-ல் இறந்தபோது ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஊர்ச் சதுக்கத்தில் இன்றும் அதற்குச் சிலை இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயம். எட்டு வாரத்திலிருந்து நான்கைந்து மாதம் வரை வெளி மனிதர்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம், வேறு நாய்கள் என எதையும் காட்டாமல் மாடியில் பூட்டி வளர்த்த டேன் பயந்த நாயாக வளரும். 70 கிலோ நாய்க்குப் பயம் வந்தால் அதைச் சமாளிப்பது கடினம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், அது கடித்துவிடும் என்பதைவிட வால் பட்டோ இடுப்பு இடித்தோ குழந்தை விழுந்துவிடும் என்பதே நிஜமான ஆபத்து. பெரியவர்கள் யாரும் இல்லாமல் குழந்தையையும் நாயையும் ஒன்றாக விட வேண்டாம்.

அடுக்குமாடி வீட்டில் வளர்க்கலாமா?

வளர்க்கலாம். வீட்டுக்குள் இவ்வளவு அமைதியாக இருக்கும் பெரிய நாய் வேறு இருக்கிறதா என்பதே சந்தேகம். வளர்ந்த டேன் நாளில் பெரும்பகுதி தூங்கும். பெரிய வீடு இருக்கிறது, தோட்டத்தில் கட்டிப்போட்டு வளர்க்கிறோம் என்பவர்களுக்குத்தான் இந்த நாய் வேண்டாம் என்பேன். ஆட்களை விட்டுத் தனியே கட்டிப்போட்டால் அது வாடிப்போகும்.

கவனிக்க வேண்டியது தரை. வழுக்கும் டைல்ஸில் வளரும் குட்டிக்குக் கால்கள் அகன்று மூட்டுகள் கெடும். நடமாடும் இடங்களில் ரப்பர் மேட் போடுங்கள். படுக்கத் தடிமனான மெத்தை கட்டாயம் வேண்டும். வெறும் தரையிலேயே படுத்தால் முழங்கை காய்த்துப்போகும், சில நாய்களுக்கு அங்கே நீர் கோத்து வீங்கும். லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி என்றால் யோசியுங்கள். கால் ஊன்ற முடியாத நாயை யார் தூக்கிக்கொண்டு இறங்குவது?

நம் ஊர் வெயில் தாங்குமா?

ரோமம் குட்டை, உள்ரோமமும் கிடையாது. அதனால் அடர்ந்த ரோமமுள்ள செயின்ட் பெர்னார்டு நாய் படும் பாடு இதற்கு இல்லை. ஆனாலும் உடல் பெரிது. உள்ளே உண்டாகும் சூடு வெளியேற நேரமாகும். ஏப்ரல், மே மாதங்களில் சென்னை, மதுரை, வேலூர் போன்ற ஊர்களில் பகல் முழுக்க மின்விசிறியாவது ஓட வேண்டும், கடும் வெயில் நாட்களில் ஏசி இருந்தால் நல்லது. வெயில் ஏறும் முன் காலையிலும், தார் ரோடு ஆறிய பிறகு இரவிலும் நடை. ரோட்டில் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில நொடிகள்கூட வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

மூச்சு இரைப்பு அடங்காமல், ஈறு செக்கச்சிவந்து, தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடல் முழுக்கச் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறியடியில் வைத்து, உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

குட்டிக்கு என்ன கொடுக்க வேண்டும்? கால்சியம் சிரப் கட்டாயமா?

நம் ஊரில் டேன் குட்டி வாங்கியதும் முதலில் கையில் திணிக்கப்படுவது கால்சியம் சிரப் பாட்டில்தான். 'பெரிய நாய், எலும்பு பலமாக வேண்டாமா?' என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத் தோன்றும் இந்த அறிவுரைதான் பல குட்டிகளின் கால்களைக் கெடுக்கிறது.

பிறக்கும்போது அரை கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் குட்டி ஒரே வருடத்தில் 50 கிலோவைத் தாண்டுகிறது. மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை வாரத்துக்கு 2 கிலோ அளவில் ஏறும். மென்மையான எலும்பின் மீது இவ்வளவு எடை ஏறுவதே பெரிய சோதனை. 1974-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டேன் குட்டிகளை இரண்டு பிரிவாக்கி, ஒன்றுக்கு இஷ்டம்போல் உணவும் இன்னொன்றுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கும் கொடுத்துப் பார்த்தார்கள். இஷ்டம்போல் சாப்பிட்ட குட்டிகளுக்குத்தான் எலும்புக் கோளாறுகள் அதிகம் வந்தன. 1980-களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திலும் டேன் குட்டிகளை வைத்தே ஆராய்ந்து, அளவுக்கு மீறிய கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் குலைக்கிறது என்று காட்டினார்கள். வளர்ந்த நாய் தனக்கு வேண்டாத கால்சியத்தைக் குடலிலேயே ஒதுக்கிவிடும். சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கொடுப்பது உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே 'லார்ஜ் பிரீட் பப்பி' அல்லது 'ஜெயன்ட் பப்பி' என்று போட்ட தரமான உணவைக் கொடுங்கள். அதில் கால்சியம் கணக்காகவே சேர்த்திருக்கும். ஈரம் நீக்கிய கணக்கில் 1.2 முதல் 1.8 சதவீதத்துக்குள் இருப்பது சரியான அளவு. அதன் மேல் சிரப், மாத்திரை, பால் பவுடர் எதுவும் வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடுதான் கொடுப்போம் என்றால் கதை வேறு. வெறும் சாதமும் எலும்பில்லாத கோழிக்கறியும் கொடுத்தால் கால்சியம் போதாமல் எலும்பு வளையும். அந்த உணவுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைக் குட்டியின் எடை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். தயிர் சாதம் மட்டும் கொடுத்து டேன் வளர்க்க முடியாது.

நான்கு மாதம் வரை நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை போதும். விலா எலும்பு கண்ணுக்கு லேசாகத் தெரிய வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கியிருக்க வேண்டும். 'என்ன, நாய் இப்படி ஒல்லியாக இருக்கிறது?' என்று பக்கத்து வீட்டார் கேட்டால் நீங்கள் சரியாக வளர்க்கிறீர்கள். மெதுவாக வளர்ந்தாலும் கடைசியில் அது அடைய வேண்டிய உயரத்தை அடைந்தே தீரும், ஏனென்றால் அது பரம்பரையில் இருக்கிறது.

வளர்ந்த நாய்க்கு?

ஒன்றரை வயதுக்கு மேல் பெரிய நாய்களுக்கான உணவுக்கு மாற்றலாம். உலர் உணவு என்றால் பெரும்பாலான டேன்களுக்கு நாளைக்கு 600 முதல் 900 கிராம் வரை ஆகும், இரண்டு அல்லது மூன்று வேளையாகப் பிரித்து. ஒரே வேளையாகக் கொடுக்கவே கூடாது. வெங்காயம், திராட்சை, சாக்லேட், வேகவைத்த எலும்பு இவை ஆகாது. மீந்த குழம்பில் வெங்காயம் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

வயிறு முறுக்கிக்கொள்வது என்றால் என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு இரைப்பையில் காற்று நிறைந்து, அது அப்படியே தன்னைச் சுற்றித் திரும்பிவிடும். இரண்டு பக்க வாயும் அடைத்துக்கொள்வதால் காற்றும் வெளியேறாது, உணவும் வெளியேறாது. வீங்கிய இரைப்பை பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும். இதயத்துக்கு ரத்தம் திரும்புவது குறையும். இரைப்பையின் சுவரே செத்துப்போக ஆரம்பிக்கும். எல்லாம் சில மணி நேரத்துக்குள். எல்லா இனங்களிலும் இது அதிகம் வருவது கிரேட் டேனுக்குத்தான்.

அறிகுறிகள்: வாந்தியெடுக்க முயலும், ஆனால் நுரை தவிர ஒன்றும் வராது. இதுதான் முக்கியமான அடையாளம். எச்சில் கொட்டும். ஒரு இடத்தில் நிற்காது, படுக்காது, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். வயிறு உப்பி, தட்டினால் மேளம்போல் ஒலிக்கும். சில டேன்களுக்கு விலாவுக்குள்ளேயே வீங்குவதால் வெளியே தெரியாமலும் போகலாம். ஈறு வெளுத்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது.

வீட்டு வைத்தியம் கிடையாது. ஓம தண்ணீர், சோடா, பெருங்காயம் எதுவும் கொடுக்காதீர்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இதற்கு அறுவை சிகிச்சை ஒன்றே வழி. உங்கள் ஊரில் இரவு இரண்டு மணிக்கு நாய்க்கு வயிற்று அறுவை செய்யக்கூடிய இடம் எது என்று, நாய் ஆரோக்கியமாக இருக்கும்போதே விசாரித்து அந்த எண்ணைப் பிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். பல ஊர்களில் அப்படி இடமே இருக்காது. பக்கத்துப் பெரிய ஊர் எவ்வளவு தூரம், எந்த வண்டியில் போவது என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

தடுப்பதற்கு வழி இருக்கிறது. இரைப்பையை வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடும் அறுவை சிகிச்சைக்கு கேஸ்ட்ரோபெக்ஸி என்று பெயர். அதன் பிறகும் காற்று நிறையலாம், ஆனால் இரைப்பை திரும்பிக்கொள்வது ஏறக்குறைய நின்றுவிடும். கருத்தடை செய்யும்போதே சேர்த்துச் செய்துவிட்டால் ஒரே மயக்க மருந்தோடு முடியும். என் கருத்தில், டேன் வாங்குகிறவர்கள் இந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போட வேண்டும். அவசர அவசரமாகத் தின்னும் நாய்க்கு மேடு பள்ளம் வைத்த தட்டு வாங்குங்கள். சாப்பிட்ட உடனே ஓட்டமோ விளையாட்டோ வேண்டாம். நெருங்கிய உறவில், அதாவது தாய், தகப்பன், உடன்பிறந்தவற்றில் இது வந்திருந்தால் உங்கள் நாய்க்கும் ஆபத்து அதிகம்.

சாப்பாட்டுத் தட்டை ஸ்டாண்டில் உயரமாக வைக்கலாமா?

முன்பு எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். 2000-ல் வெளியான அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வில், உயரமான தட்டில் சாப்பிட்ட பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்குவது அதிகமாக இருந்தது தெரிந்தது. கழுத்து வலி போன்ற காரணத்துக்காக மருத்துவர் சொன்னாலொழிய தரையிலேயே வையுங்கள்.

எவ்வளவு நடக்க வேண்டும்?

வளர்ந்த நாய்க்கு நாளைக்கு ஒரு மணி நேரம், இரண்டு தவணையாக. குட்டிக்கு ஒன்றரை வயதுவரை எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீண்டு வளரும் மென்மையான பகுதிகள்) மூடியிருக்காது. அதுவரை பைக் பின்னால் ஓடவிடுவது, ஜாகிங், மாடிப்படி ஏறி இறங்க வைப்பது, காரிலிருந்து குதிக்க விடுவது எதுவும் கூடாது. மண்ணிலோ புல்லிலோ தன் விருப்பத்துக்கு விளையாடிவிட்டுக் களைத்தால் படுத்துக்கொள்ளட்டும்.

பயிற்சி கொடுக்க ஆள் வைக்க வேண்டுமா?

நீங்களே செய்யலாம், ஆனால் குட்டி 15 கிலோ இருக்கும்போதே செய்ய வேண்டும். செயினை இழுக்காமல் நடப்பது, ஆள் மேல் தாவாமல் இருப்பது, கூப்பிட்டால் வருவது இந்த மூன்றும் வந்துவிட்டால் போதும். சின்ன வயதில் தாவி வருவதைக் கொஞ்சி ரசித்துவிட்டு, பெரிதானதும் அதையே அடித்துத் திருத்துவது நியாயமில்லை. டேன் மென்மையான மனசுக்காரன். அடியும் கத்தலும் அதைச் சுருங்க வைக்கும். ஒரு துண்டு வேகவைத்த கோழி பல மடங்கு வேலை செய்யும்.

எத்தனை வருடம் வாழும்?

7 முதல் 10 வருடம். நாய்களில் உருவம் பெரிதாகப் பெரிதாக ஆயுள் குறைகிறது. இதை மனதில் ஏற்றுக்கொண்டுதான் வாங்க வேண்டும். வீட்டுக் குழந்தைகளிடமும் சொல்லி வையுங்கள்.

வயிறு முறுக்குவதைத் தவிர இரண்டு நோய்கள் இதன் ஆயுளை அதிகம் குறைக்கின்றன. ஒன்று, இதயத் தசை மெலிந்து இதயம் பெரிதாகும் நோய். சீக்கிரம் களைப்பது, இருமல், மயங்கி விழுவது எல்லாம் பிந்திய அறிகுறிகள். மூன்று வயதுக்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தால் முன்னதாகவே மருந்து தொடங்கலாம். இன்னொன்று எலும்புப் புற்று. நடுவயது டேன் காரணமின்றி ஒரு காலை நொண்டி, ஒரு வாரத்தில் சரியாகவில்லை என்றால் வலி மாத்திரை கொடுத்துத் தள்ளிப்போடாமல் எக்ஸ்ரே எடுங்கள். கழுத்து எலும்பு தண்டுவடத்தை அழுத்துவதால் பின்கால்கள் தள்ளாடும் நோயும் உண்டு.

உண்ணிக் காய்ச்சல் வருமா?

நம் ஊரில் எந்த நாய்க்கும் வரும். உண்ணி மூலம் எர்லிக்கியா, பபேசியா ஆகிய கிருமிகள் ரத்தத்துக்குள் போகின்றன. காய்ச்சல், சாப்பிடாமை, மூக்கில் ரத்தம், காபி நிறத்தில் சிறுநீர் இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். மருந்து தொடங்கினால் முழுக் கெடு முடியும்வரை கொடுக்க வேண்டும். உண்ணித் தடுப்பு மாத்திரைகள் எடைக்கு ஏற்ப வருகின்றன. 40 முதல் 56 கிலோ வரைக்கான மாத்திரையை 70 கிலோ நாய்க்குக் கொடுத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அட்டையைப் பாருங்கள்.

கருத்தடை எப்போது?

அவசரம் வேண்டாம். உடலின் ஹார்மோன்கள்தான் எலும்பு வளர்ச்சியை நிறுத்தும் சைகையைத் தருகின்றன. ஆறு மாதத்திலேயே செய்தால் மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடும். ஒன்றரை வயதுக்கு மேல் செய்வது நல்லது. மயக்க மருந்தின் அளவு விஷயத்தில் மிகப் பெரிய நாய்களைக் கையாண்ட அனுபவம் உள்ள மருத்துவராகத் தேடுங்கள்.

வெள்ளை டேன் அரிய வகையா?

இல்லை. மஞ்சள் கலந்த பழுப்பு, வரி, கறுப்பு, நீலச்சாம்பல், வெள்ளையில் கறுப்புத் திட்டுகள் உள்ள ஹார்லிகுவின், கறுப்புப் போர்வை போட்டதுபோல் இருக்கும் மேன்டில் ஆகியவை வழக்கமான நிறங்கள். ரோமத்தின் நிறத்தைத் திட்டுத் திட்டாக வெளுக்க வைக்கும் மெர்ல் மரபணு உள்ள இரண்டு நாய்களைச் சேர்த்தால், பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் அந்த மரபணு இரட்டையாக வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. ஹார்லிகுவின் நிறத்திலும் அந்த மரபணு இருக்கிறது. இரட்டையாக வந்த குட்டி பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். காது கேட்காமலோ கண் தெரியாமலோ போகக்கூடும். அதை 'அபூர்வ வெள்ளை' என்று கூடுதல் விலைக்கு விற்பது கொடுமை.

காதை வெட்டி நிமிர்த்த வேண்டுமா?

வேண்டாம். பன்றி வேட்டையில் காது கிழியாமலிருக்கச் செய்த வேலை அது. இந்த நாயின் தாய்நாடான ஜெர்மனியே 1987-ல் அதைத் தடை செய்துவிட்டது.

குட்டி வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

தாய் நாயை நேரில் பார்க்க வேண்டும். தாய் பயந்து ஒதுங்கினால் அல்லது சீறினால் திரும்பி வந்துவிடுங்கள். இந்திய விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. முப்பது நாள் குட்டியை 'இப்போதே எடுத்தால்தான் பழகும்' என்று கொடுப்பவரிடம் வாங்காதீர்கள். கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் பரம்பரையைத்தான் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. பெற்றோரின் இதயப் பரிசோதனை, இடுப்பு எக்ஸ்ரே இரண்டையும் கேளுங்கள். காட்ட முடியாதவர்களே அதிகம், ஆனாலும் கேட்கக் கேட்கத்தான் இந்த வழக்கம் வரும்.

வளர்க்க முடியாமல் கைவிடப்படும் டேன்களும் இருக்கின்றன. இரண்டு மூன்று வயது நாயைத் தத்தெடுத்தால் அதன் குணம் முன்பே தெரிந்துவிடும், எலும்பு வளர்ச்சிக் கவலையும் முடிந்திருக்கும்.

தடை செய்யப்பட்ட நாயா? உரிமம் வேண்டுமா?

2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையில் இருந்த 23 இனங்களில் கிரேட் டேன் பெயர் இல்லை. அந்தச் சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்தும் செய்தது. உரிமம் தனி விஷயம்: சென்னையில் செல்ல நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம், அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். மற்ற ஊர்களில் அந்தந்த உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தடுப்பூசியை மூன்றாம் மாதத்தில் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும். வெளியே போகும்போது எப்போதும் செயின் பெரியவர்கள் கையில்தான் இருக்க வேண்டும், உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி.